அண்டார்டிகா பனி கூடுதா, குறையுதா? எடை, உயரம், வேகம்: மூணு கணக்கு

இலைக்காரர் (கோத்தகிரி) · 2025 நவம்பர் 14, இரவு 9.20

எங்க வாட்ஸ்அப் குழுவுல ஒரு படம் சுத்துது. 2021-லிருந்து 2023 வரைக்கும் அண்டார்டிகா பனி கூடியிருக்கு, கடல்மட்டம் ஏறுதுன்னு சொல்றதெல்லாம் பொய்னு கீழ எழுதியிருக்கு. கோடு நிஜமாவே மேலதான் போகுது. ஓரத்துல கிரேஸ்னு செயற்கைக்கோள் பேரும் போட்டிருக்கு. ரெண்டு கேள்வி. அந்தக் கோடு சரியா? 500 கிலோமீட்டர் உயரத்துல இருந்துக்கிட்டு பனியை எப்படி எடை போடுறாங்க?

முத்தோரை · நவம்பர் 14, இரவு 10.45

கோடு சரி. கீழே எழுதினது தப்பு.

2002-லிருந்து 2020 வரை கிரேஸ் கணக்கில் அண்டார்டிகா ஆண்டுக்குச் சராசரியா 150 கிகாடன் அளவில் இழந்துக்கிட்டு வந்திருக்கு. கிகாடன்னா நூறு கோடி டன்; தண்ணியா நினைச்சா ஒரு கன கிலோமீட்டர். 2021-க்கு அப்புறம் கிழக்கு அண்டார்டிகாவில் பனிப்பொழிவு வழக்கத்தைவிட ரொம்ப அதிகம். 2022 மார்ச்சில் ஈரக்காற்று ஒண்ணு உள்பீடபூமி வரைக்கும் புகுந்து, அங்கே வெப்பநிலையை அந்த மாதச் சராசரிக்கு மேல 30 டிகிரிக்கும் அதிகமா ஏத்தி, கொட்டித் தீர்த்துட்டுப் போச்சு. அந்த மூணு வருஷமும் ஆண்டுக்கு 100 கிகாடனை ஒட்டி வரவு. மொத்தம் 300-ன்னு வைங்க. கடல்மட்டம் ஒரு மில்லிமீட்டர் மாற 360 கிகாடன் வேணும்.

இந்தப் பக்கம், 1992 முதல் 2020 வரை கிரீன்லாந்தும் அண்டார்டிகாவும் சேர்ந்து இழந்தது 7,560 கிகாடன். கடல்மட்டத்தில் 21 மில்லிமீட்டர். இது ஒரே செயற்கைக்கோள் சொன்ன எண் இல்லை. மூணு வேற வேற முறையில் வந்த பல கணக்குகளைச் சேர்த்து இம்பி என்ற கூட்டு முயற்சி 2023-ல் வெளியிட்டது. அந்த 7,560-க்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் 699-ன்னு பிழையும் போட்டிருக்கு. பிழை எழுதாத எண்ணை நம்பாதீங்க.

மேற்கில் த்வைட்ஸ், பைன் ஐலண்ட் பனியாறுகள் அந்த மூணு வருஷமும் எடை இழந்துக்கிட்டேதான் இருந்தன. கிழக்கில் விழுந்த பனி மொத்தக் கூட்டுத்தொகையில் அதை மறைச்சிருச்சு.

எடை எப்படின்னா: தராசு பூமியோட ஈர்ப்புதான். ரெண்டு செயற்கைக்கோள் ஒரே பாதையில் 220 கிலோமீட்டர் இடைவெளி விட்டு ஒண்ணு பின்னால ஒண்ணு போகும். முன்னால போறது எடை கூடின நிலத்தை நெருங்கும்போது அதை நிலம் கொஞ்சம் இழுக்கும், இடைவெளி கூடும். அது தாண்டினதும் பின்னால இழுபடும், பின்னாடி வர்றது முன்னால இழுபடும், இடைவெளி சுருங்கும். இந்த ஏற்ற இறக்கத்தை மைக்ரோ அலையால் ஒரு மைக்ரான் அளவுக்கு அளக்கிறாங்க. தலைமுடி 70 மைக்ரான் தடிமன் இருக்கும். ஒரு மாசம் முழுக்கச் சேர்ந்த அளவீட்டை வச்சு அந்த மாசத்து ஈர்ப்பு வரைபடம் ஒண்ணு போடுவாங்க. இந்த மாசத்தில் இருந்து போன மாசத்தைக் கழிச்சா எடை எங்கே கூடிச்சு, எங்கே குறைஞ்சதுன்னு வரும்.

குன்னூர் மூடுபனி · நவம்பர் 15, காலை 6.30

ஒரு திருத்தம். 220 கி.மீ. என்பது நிலையான இடைவெளி இல்லை. 170-க்கும் 270-க்கும் நடுவே நகர்ந்துகொண்டே இருக்கும், அவ்வப்போது உந்திச் சரிசெய்வார்கள். இடைவெளி எவ்வளவு என்பது முக்கியமில்லை; அது எப்படி மாறுகிறது என்பதைத்தான் மைக்ரானில் பார்க்கிறோம்.

இழை நீளுமுன் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். நம் ஊரில் எல்லாமே பனிதான்: மார்கழி மூடுபனியும் பனி, தலைகுந்தாவில் புல்மேல் வெள்ளையாக நிற்கும் உறைபனியும் பனி. இங்கே, நிலத்தின் மேல் கிடக்கும் கண்டம் அளவான கட்டியைப் பனிவிரிப்பு என்கிறேன். அது கடலுக்குள் நீண்டு மிதக்கும் பகுதி பனித்தட்டு. கடல்நீரே உறைந்தால் கடல்பனி. கடல்பனி உருகினாலும் பனித்தட்டு உடைந்தாலும் கிரேஸ் காட்டாது. மிதப்பது தன் எடைக்கு நீரை ஏற்கெனவே விலக்கி வைத்திருக்கிறது. அது போன இடத்தில் நீர் வந்து நிற்கும், எடை அப்படியே இருக்கும். 2017 ஜூலையில் அண்டார்டிகாவின் லார்சன் சி பனித்தட்டிலிருந்து பிரிந்த ஏ-68 பனிப்பாறை 5,800 சதுர கிலோமீட்டர், ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி டன். பனிவிரிப்பு இழப்புக் கணக்கில் அதற்கு நேரடியாக இடமே இல்லை. வாட்ஸ்அப் படங்களில் பாதி, கடல்பனியின் பரப்பைக் காட்டிப் பனிவிரிப்பைப் பற்றிப் பேசுகின்றன.

இலைக்காரர் (கோத்தகிரி) · நவம்பர் 15, பகல் 1.05

அப்போ அதே கிரேஸை வச்சு பைக்காரா, அவலாஞ்சி அணையில எவ்வளவு தண்ணி இருக்குன்னு பார்க்கலாமா?

முத்தோரை · நவம்பர் 15, பகல் 1.40

முடியாது. நீலகிரி மாவட்டம் முழுசும் சுமார் 2,500 சதுர கிலோமீட்டர், ஐம்பதுக்கு ஐம்பது. கிரேஸுக்குத் தெளிவா தெரியுற மிகச் சின்ன துண்டே ஏறக்குறைய 300 கிலோமீட்டருக்கு 300. ஈர்ப்பு மேல போகப் போக மழுங்கிடும். நீங்க இருக்கிற உயரத்தைவிட ரொம்பச் சின்ன விவரம் மேல வந்து சேராது. நம்ம மலை, கோயம்புத்தூர், வயநாடு, மைசூர் எல்லாம் ஒரே புள்ளிக்குள்ள அடங்கிடும். பருவமழைக்கு அந்தப் புள்ளி முழுசா ஏறி இறங்குறது தெரியும், அதுல பைக்காரா பங்கைப் பிரிக்க வழியில்லை.

அண்டார்டிகாவிலயும் இதே குறைதான். எந்தப் பனியாறு எவ்வளவு இழந்ததுன்னு கிரேஸ் தனியா சொல்லாது. வட்டாரம் சொல்லும்.

முத்தோரை · நவம்பர் 16, இரவு 11.15

தனிச்செய்தியில் ரெண்டு பேர் கேட்டதால் கணக்குப் போடுற வழியை இங்கயே எழுதுறேன்.

கிரேஸ் கோப்பு ரெண்டு வகை. ஈர்ப்போட வடிவத்தை எண் தொடரா எழுதின கெழுக்களா வர்றது ஒண்ணு, தரையைத் துண்டு துண்டாப் பிரிச்சு எடை போட்ட மாஸ்கான் கட்டங்களா வர்றது ஒண்ணு. புதுசா தொடங்குறவங்க மாஸ்கானை எடுங்க. கெழு வழியில் போனா இத்தனையும் நீங்களே செய்யணும்: முதல் படிக் கெழுக்கள் கிரேஸுக்குத் தெரியாது (பூமியின் எடைமையம் நகர்வது), அதை வேற கோப்பிலிருந்து சேர்க்கணும். சி20, அதாவது பூமியின் தட்டை வடிவத்துக்கான கெழு, கிரேஸில் சரியா வராது. தரையிலிருந்து லேசர் அடிச்சு அளக்கிற வேற செயற்கைக்கோள்களிலிருந்து எடுத்து மாத்தணும். ஒரே ஒரு முடுக்கமானி (காற்றுத் தடை மாதிரி ஈர்ப்பில்லாத தள்ளலை அளக்கிற கருவி) மட்டும் நல்லா வேலை செய்யுற காலத்துக்கு சி30 கெழுவையும் மாத்தணும். 2016 கடைசியில் பழைய கிரேஸ் ஜோடியில் ஒண்ணோட முடுக்கமானியை நிறுத்தினாங்க. 2018-ல் போன கிரேஸ்-எஃப்ஓ ஜோடியிலும் ரெண்டாவதோட முடுக்கமானி ஏவின கொஞ்ச நாளிலேயே இரைச்சலாயிருச்சு, முதல் கோளோட அளவைத்தான் அதுக்கும் மாத்தி வைக்கிறாங்க. சி30-யை விட்டுட்டா அடி வாங்குறது அண்டார்டிகா எண்தான், ஏன்னா அந்தக் கெழு வடக்கையும் தெற்கையும் எதிரெதிரா எடை மாத்திக் காட்டும்.

அடுத்து வடக்கு தெற்கா வரிவரியா இரைச்சல். கோள்கள் துருவத்திலிருந்து துருவத்துக்கே ஓடுறதால வர்றது. பக்கத்துப் புள்ளிகளோட சேர்த்துச் சராசரியாக்கி மழுக்குற 300 கி.மீ. காஸ் வடிகட்டி போட்டா வரி போகும், கூடவே கரையோரப் பனியாறோட இழப்பும் கடலுக்குள்ள கசியும். இந்தக் கசிவைத் திரும்ப வாங்காம கரைக்கோட்டோட நறுக்கி எடுத்தா இழப்பு குறைச்சலாத் தெரியும். கிரீன்லாந்தில் இது பெரிய அடி, அங்கே இழப்பே ஓரத்தில்தான் நடக்குது.

மாஸ்கான் எடுத்தவங்க செய்யுற தப்பு வேற. கோப்பில் ஒவ்வொரு கட்டத்துக்கும் சென்டிமீட்டர் தண்ணி உயரம் இருக்கும். அரை டிகிரிக் கட்டம் நிலநடுக்கோட்டில் ஏறக்குறைய 3,090 சதுர கி.மீ.; 75 டிகிரி தெற்கில் வெறும் 800. எல்லாக் கட்டத்தையும் சமமா எடுத்துக் கூட்டினா துருவத்துப் பக்கம் நாலு மடங்கு ஊதிப் போகும். அட்சரேகையோட கொசைனால் பெருக்குங்க. 800 சதுர கி.மீ. மேல ஒரு சென்டிமீட்டர் தண்ணின்னா 0.008 கிகாடன். இந்த ஒரு எண்ணைக் கையால சரிபார்த்துட்டு அப்புறம் நிரலை ஓட விடுங்க. சில மாஸ்கான் கோப்பில் பெருக்குக் காரணி ஒண்ணு கூடவே வரும். அது மண்ணில் இருக்கிற தண்ணியைக் கணிக்கிற கணினி மாதிரிக்காகப் போட்டது, பனிமேல அதைப் பெருக்கக் கூடாது.

கடைசியாப் போக்குக் கோடு. ஆண்டுச் சுழற்சி, அரையாண்டுச் சுழற்சி, கூடவே 161 நாள் சுழற்சி (ஓதத்தின், அதாவது கடல் ஏற்றவற்றத்தின் எச்சம்) எல்லாத்தையும் சேர்த்துப் பொருத்துங்க. வெறும் நேர்கோடு போட்டா எந்த மாசத்தில் தொடங்கினீங்களோ அதுக்கு ஏத்த மாதிரி பதில் மாறும்.

குன்னூர் மூடுபனி · நவம்பர் 17, காலை 7.10

பாறையை விட்டுவிட்டீர்கள். கடந்த பனியூழியில் அமுங்கிய தரை இன்னும் மெதுவாக எழும்பிக்கொண்டிருக்கிறது. அடியில் பாறைக்குழம்பு வந்து சேர்கிறது, அதுவும் எடைதான். கிரேஸுக்குப் பனி எது, பாறை எது என்று தெரியாது. அண்டார்டிகாவில் இந்தப் போலி வரவு ஆண்டுக்கு 50 கிகாடனை ஒட்டி. இதைக் கழித்தால்தான் பனியின் இழப்பு வெளியே வரும், கழித்தபின் இழப்பு கூடும். 150 சொல்கிற இடத்தில் 50 கழிவு என்றால், கழிவுக்கு எந்தக் கணினி மாதிரியை எடுத்தீர்கள் என்பதே விடையின் பெரும்பகுதி. கிரீன்லாந்தில் இந்தத் தொல்லை குறைவு.

மேற்கு அண்டார்டிகாவின் அமுண்ட்சென் கடலோரத்தில் பாறையில் பதித்த ஜிபிஎஸ் கருவிகள் ஆண்டுக்கு 41 மி.மீ. வரை எழுச்சியைக் காட்டின. மாதிரிகள் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு. அங்கே பாறைக்குழம்பு இளகலாக இருக்கிறது என்று அர்த்தம்.

முத்தோரை · நவம்பர் 17, காலை 7.35

ஆமாக்கா, விட்டுட்டேன். அதுதான் பெரிய கழிவு. மாஸ்கான் கோப்பில் ஏற்கெனவே கழிச்சுத்தான் தருவாங்க. முகவுரையில் எந்த மாதிரின்னு போட்டிருக்கும். மறுபடி கழிச்சுராதீங்க. 50 கிகாடன் ரெண்டு தரம் போயிரும்.

இலைக்காரர் (கோத்தகிரி) · நவம்பர் 17, இரவு 8.50

இது நம்ம தேயிலை எடை போடுற லீஃப் ஷெட்டுல நடக்கிற சண்டை மாதிரியே இருக்கு. மழை நாள்ல பறிச்ச இலையில ஒட்டுன தண்ணிக்கு எத்தனை கழிவுன்னு பிடிக்கிறாங்களோ, அதுதான் அன்னைக்கு நம்ம கைக்கு வர்ற காசு. தராசு சரியாத்தான் இருக்கும், கழிவுலதான் எல்லாம்.

இன்னொண்ணு கேக்கணும். எடையே தெரிஞ்சுட்ட பிறகு உயரத்தை ஏன் தனியா அளக்கிறாங்க?

அவலாஞ்சி · நவம்பர் 18, காலை 10.20

எடை வட்டாரம் மட்டும்தான் சொல்லும், உயரம் இடத்தைச் சொல்லும். லேசரால உயரம் அளக்கிற ஐஸ்சாட்-2 செயற்கைக்கோள், பனியாறோட எந்த ஓரம் இறங்குதுன்னு காட்டிரும்.

2018 செப்டம்பர் 15-ல் ஏவினது. சுமார் 500 கி.மீ. உயரம், பச்சை லேசர், நொடிக்கு 10,000 துடிப்பு. தரையில் 0.7 மீட்டருக்கு ஒரு துடிப்பு விழும். ஆறு கதிர், மூணு ஜோடி. ஜோடிக்கு ஜோடி 3.3 கி.மீ., ஜோடிக்குள்ள 90 மீட்டர். ஜோடியா வச்சதுக்குக் காரணம் சரிவு. அடுத்த தடவை கோள் வரும்போது கதிர் சில மீட்டர் தள்ளி விழுந்தா, உயர வித்தியாசம் பனி இறங்கினதாலயா, சரிவுல பக்கத்து இடத்தில் விழுந்ததாலயான்னு ஒத்தைக் கதிரால் சொல்ல முடியாது. ரெண்டு கதிர் இருந்தா குறுக்குச் சரிவும் கையில் இருக்கும், கழிச்சுரலாம். 2003-ல் போன முதல் ஐஸ்சாட்டுக்கு ஒரே கதிர். ரெண்டாவது கோளோட வடிவமே அந்தக் குறையிலிருந்து வந்தது.

ஒரு துடிப்பில் 20 லட்சம் கோடி ஒளித்துகள் கிளம்பும், திரும்பி வந்து பிடிபடுறது பத்துப் பன்னிரண்டு. ஒரு நானோநொடி பிசகினா 15 செ.மீ. உயரம் தப்பும்.

நிலப்பனிக்கான ஏடிஎல்-06 கோப்பை எடுத்தா 40 மீட்டர் நீளத் துண்டுகள், 20 மீட்டருக்கு ஒண்ணா ஒண்ணுமேல ஒண்ணு ஏறி நிற்கும். முதல் வேலை: தரக்குறி 0 இல்லாத துண்டையெல்லாம் தூக்கிப் போடுங்க. உயரம் 3.4-க்குப் பின்னால 38 சுழி மாதிரி வந்தா அது வெற்றிடக் குறி, சராசரியில் சேர்ந்துச்சுன்னா மொத்தமும் பாழ். மேகத்துக்குள்ள சிதறி வந்த ஒளி தாமதமா வரும், தரை பள்ளமாத் தெரியும். தரையொட்டிப் பறக்கிற பனித்தூள் அண்டார்டிகாவில் இதையே செய்யும். உருகுகுளம் மேல போனா பச்சை ஒளி தண்ணிக்குள்ள இறங்கி அடியையும் காட்டும், அந்த ஆழத்தை 0.75-ஆல் பெருக்கினாத்தான் நிஜ ஆழம்.

ஜோடியில் ஒரு கதிர் வலிமை, ஒண்ணு மெலிவு; வலிமையான கதிர் எப்பவும் வலது பக்கத்துக் கதிர்தான்.

அவலாஞ்சி · நவம்பர் 18, பகல் 12.05

மேல கடைசி வரி தப்பு, திருத்துறேன். சூரியத் தகடுக்காகக் கோளை வருஷத்துக்கு ரெண்டு தரம் பின்முன்னாத் திருப்புவாங்க. முன்னோக்கி இருக்கும்போது வலது கதிர் வலிமை, பின்னோக்கி இருக்கும்போது இடது. வலிமைக்கும் மெலிவுக்கும் நாலு மடங்கு வித்தியாசம். கோப்புக்குள்ள திசைக்குறியைப் பார்க்காம ஒரே பேர்க் கதிரைப் பல வருஷத்துக்கு எடுத்தா பாதி வருஷம் மெலிஞ்ச கதிரை வச்சுக் கணக்குப் போட்டிருப்பீங்க.

நம்ம ஊர்ல பயிற்சி பண்றவங்களுக்கு: ஏடிஎல்-06 பனிநிலத்துக்கு வெளிய கிடைக்காது. அணைக்கு உள்நாட்டு நீருக்கான ஏடிஎல்-13, சோலைக்கு ஏடிஎல்-08, எதுக்கும் மூலமான ஒளித்துகள் கோப்பு ஏடிஎல்-03. எமரால்டு, மேல்பவானி, பைக்காரா எதுல கதிர் விழுந்திருந்தாலும் மேகமில்லாத நாளில் தண்ணி மட்டம் ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி வரும். கரையில் ஏறினதும் சோலை மரத்தோட உச்சியும் தரையும் ரெண்டு படலமாப் பிரியும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தேடாதீங்க, மேகம்தான் கிடைக்கும். ஜனவரி, பிப்ரவரி நல்லது.

ரெண்டு விஷயம் குழப்பும். துருவத்தில் 91 நாளுக்கு ஒருமுறை அதே கோட்டில் வரும்; நம்ம அட்சரேகையில் காடு அளக்கிறதுக்காக வேணும்னே பக்கத்துல பக்கத்துல சாய்ச்சு விடுவாங்க. அதனால ஒரே கோட்டில் மாற்றம் பார்க்க வராது. ரெண்டாவது, உயரம் கடல்மட்டத்திலிருந்து இல்லை, பூமியை வழவழப்பான நீள்வட்ட உருண்டையா நினைச்சுப் போட்ட கணித வடிவத்திலிருந்து. தென்னிந்தியாவில் ஜியாய்டு, அதாவது ஈர்ப்பு வகுக்கிற கடல்மட்டம், அதுக்குக் கீழ இருக்கு, நம்ம பக்கம் சுமார் 90 மீட்டர். அணை மட்டம் பலகையில் இருக்கிறதைவிட 90 மீட்டர் குறைச்சலா வந்தா பயப்படாதீங்க.

இலைக்காரர் (கோத்தகிரி) · நவம்பர் 18, பகல் 1.30

90 மீட்டர் ஏன் கீழ?

முத்தோரை · நவம்பர் 18, பகல் 2.10

இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் உலகத்திலேயே ஈர்ப்பு ரொம்பக் குறைஞ்ச பள்ளம் இருக்கு. அங்கே ஜியாய்டு நீள்வட்டத்துக்கு 106 மீட்டர் கீழ. அதோட ஓரச் சரிவில்தான் நாம இருக்கோம். ஈர்ப்புக் கோள்கள் அளந்த படத்தில் நீலமாத் தெரியுற பெரிய வட்டம் அதுதான். பனிக்கு வருவோம்.

உயரத்திலிருந்து எடைக்கு: அண்டார்டிகாவில் தரைமேல் நிற்கிற பனி 1.2 கோடி சதுர கி.மீ. முழுசும் ஒரு சென்டிமீட்டர் இறங்கினா 120 கன கிலோமீட்டர், எடை 110 கிகாடன்.

குன்னூர் மூடுபனி · நவம்பர் 18, மாலை 6.45

110 என்பது இறங்கியது கெட்டிப் பனிக்கட்டியாக இருந்தால் மட்டும். அதன் அடர்த்தி கன மீட்டருக்கு 917 கிலோ. மேற்பரப்புப் பனி 350 அளவில்தான் இருக்கும். அதுதான் இறங்கியது என்றால் 42 கிகாடன். காற்று இடைவெளி அமுங்கி இறங்கியிருந்தால் எடை மாற்றம் சுழி. ஒரே சென்டிமீட்டருக்கு மூன்று விடை.

மேலே விழுந்த பனி பனிக்கட்டி ஆகும்வரை நடுவில் இருக்கும் நிலையை ஃபிர்ன் என்பார்கள். 50 முதல் 100 மீட்டர் ஆழம் வரை இருக்கும். வெப்பம் கூடினால் வேகமாக அமுங்கும், பனிப்பொழிவு கூடினால் உப்பும். செயற்கைக்கோளுக்கு இரண்டுமே உயர மாற்றம்தான். அடர்த்தியை வானிலை மாதிரி சொல்ல வேண்டியிருக்கிறது.

இலைக்காரர் (கோத்தகிரி) · நவம்பர் 18, இரவு 9.15

இது எனக்குப் படமாத் தெரியுது. வாட்டுற தொட்டியில பச்சை இலையைக் கொட்டினதும் ஒரு அடிக்கு மேல உப்பி நிக்கும். அடியிலிருந்து காத்து விட்டு, காலையில பாத்தா பாதியாப் படுத்திருக்கும். உயரம் பாதி போச்சுன்னு எடையும் பாதி போகாது. கொஞ்சம் ஈரம்தான் போயிருக்கும். யாராச்சும் கையை வச்சு அமுக்கினா உயரம் மட்டும் குறையும், எடை ஒரு கிராம்கூடக் குறையாது. ஃபிர்ன் அமுங்குறது இதானே அக்கா?

குன்னூர் மூடுபனி · நவம்பர் 18, இரவு 9.40

அதேதான். அமுக்கிய கை, காற்று விட்ட விசிறி, புதிதாகக் கொட்டிய கூடை, மூன்றையும் மேலிருந்து ஒரு கோலை வைத்து அளந்துகொண்டு பிரிக்கச் சொன்னால் எப்படியோ, அப்படி.

இதற்கு ஒரு வழக்கும் உண்டு. 2015-ல் வந்த ஒரு ஆய்வு, 2003–2008 காலத்தில் அண்டார்டிகா ஆண்டுக்கு 82 கிகாடன் கூடியது என்றது. வாட்ஸ்அப் படங்களுக்கு மூலம் பலமுறை அதுதான். கிழக்கு உள்நிலம் சில இடங்களில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தடிப்பது உண்மை. அதை ஆயிரக்கணக்கான ஆண்டாகத் தொடரும் தடிப்பு என்று எடுத்துப் பனிக்கட்டி அடர்த்தியால் பெருக்கினார்கள். புதுப்பனி அடர்த்தி போட்டால் பெரிய பகுதி கரைந்துவிடும். இன்னொன்று லேசரின் தவணைப் பிழை. முதல் ஐஸ்சாட்டின் லேசர் ஒன்று 38 நாளுக்குள் பழுதானது, அதன்பின் ஆண்டுக்குச் சில வாரங்கள் மட்டும் தவணை தவணையாக இயக்கினார்கள். தவணைக்குத் தவணை அளவு சில சென்டிமீட்டர் தள்ளிப்போகும். அந்தத் தள்ளலைத் திருத்துவதில் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் தப்பினால், முத்தோரை சொன்ன 110 கிகாடன் வந்து நிற்கும். 82-ஐ விழுங்க அது போதும்.

எடைக் கணக்கும், பனியாறு ஓடும் வேகத்தை வைத்துப் போடும் வேகக் கணக்கும் அதே காலத்துக்கு இழப்பைச் சொல்லின. ஒரு முறை மற்ற இரண்டோடு முரண்பட்டால் முதலில் அதில் அளவை எடையாக மாற்றப் போட்ட காரணிகளைத்தான் பார்க்க வேண்டும்.

அவலாஞ்சி · நவம்பர் 20, காலை 9.00

ரேடாரைப் பத்தி யாரும் எழுதலையே. ரேடாரால உயரம் அளக்கிற கிரையோசாட்-2 செயற்கைக்கோள் 2010-லிருந்து விடாம ஓடுது, மேகம் அதுக்குத் தடையே இல்லை.

குன்னூர் மூடுபனி · நவம்பர் 21, இரவு 10.30

ரேடாருக்கு இரண்டு நோய்.

ஒன்று சரிவு. அலை பரந்து விழும், முதலில் திரும்புவது நேர் கீழே உள்ள இடத்திலிருந்து அல்ல, கோளுக்கு மிக அருகே உள்ள மேட்டிலிருந்து. கிரையோசாட் உயரம் 717 கி.மீ. தரை ஒரு டிகிரி சரிந்திருந்தால் எதிரொலி 12.5 கி.மீ. தள்ளியுள்ள இடத்திலிருந்து வரும். திருத்தாமல் விட்டால் உயரத்தில் 109 மீட்டர் பிழை. ஒரு டிகிரி என்பது நமக்குச் சமதளம். தொட்டபெட்டா பக்கம் வந்தால் சாதாரண உயரமானி ரேடார் கையை விரித்துவிடும். அதனால்தான் கிரையோசாட்டில் ஓரங்களுக்கு இரண்டு அலைவாங்கி வைத்துக் குறுக்கீட்டு முறையில் எதிரொலி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று பார்க்கிறார்கள். உள்பீடபூமியில் பழைய முறையே போதும்.

இரண்டு ஊடுருவல். கிரையோசாட்டின் கேயு அலை 13.6 கிகாஹெர்ட்ஸ், உலர்ந்த பனிக்குள் சில மீட்டர் போகும். 2012 ஜூலையில் கிரீன்லாந்தின் மேற்பரப்பு ஏறக்குறைய முழுவதும் உருகி மறுபடி உறைந்தது. உள்ளே கண்ணாடி போல் ஒரு படலம். அதுவரை உள்ளே போன அலை அதில் மோதித் திரும்பியது. உள்பகுதி அரை மீட்டருக்கு மேல் உயர்ந்தது போல் காட்டியது. ஒரு துளிப் பனி கூடவில்லை. தொடர்வரிசையில் 2012-ல் திடீர்ப் படி தெரிந்தால் இதுதான் காரணம்.

அதைவிட நீளம் குறைந்த கேஏ அலை அவ்வளவு உள்ளே போகாது. 35.75 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் ஆல்டிகா கருவியைச் சுமந்த சாரல் செயற்கைக்கோள் 2013 பிப்ரவரி 25-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி20-யில் போனது. இஸ்ரோவும் பிரான்ஸும் சேர்ந்து செய்தது. ஒரே இடத்தில் கேயு, கேஏ இரண்டின் உயரத்தையும் வைத்தால் வித்தியாசம் ஊடுருவலின் அளவைக் காட்டும். குறை, சாரலின் பாதை 81.5 டிகிரியோடு நின்றுவிடும். கிரையோசாட்டும் ஐஸ்சாட்-2-உம் 88 வரை போகும். 2020-ல் கிரையோசாட்டின் பாதையைக் கொஞ்சம் உயர்த்தி ஐஸ்சாட்-2-ன் பாதையோடு அடிக்கடி பொருந்தும்படி செய்தார்கள். லேசர் மேற்பரப்பிலேயே திரும்பும், ரேடார் உள்ளே போகும். இரண்டும் ஒரே இடத்தைச் சில மணி இடைவெளியில் பார்ப்பது இந்தத் துறைக்குக் கிடைத்த பெரிய வரம்.

முத்தோரை · நவம்பர் 23, பகல் 11.50

மூணாவது முறை, வரவு செலவு. பனிப்பொழிவு வரவு, கடலுக்குள்ள ஓடுறது செலவு. செலவை ரேடார் படத்தில் பனியாறோட வேகம் பார்த்துப் போடுவாங்க. சென்டினல்-1 ஐரோப்பிய ரேடார் செயற்கைக்கோள்; ஒரு கோள்னா 12 நாளுக்கு ஒரு படம். ரெண்டு படத்தில் ஒரே புள்ளிக்கூட்டம் எத்தனை மீட்டர் நகர்ந்திருக்குன்னு தேடுவாங்க. கிரீன்லாந்தின் ஜேக்கப்ஸ்ஹாவன் பனியாறு 2012 கோடையில் நாளுக்கு 46 மீட்டர் போச்சு. அந்த வேகத்தில் 12 நாளுக்கு அரை கிலோமீட்டருக்கு மேல. அவ்வளவு நகர்ந்ததை ரேடார் அலையோட முகடு பள்ளம் எண்ணி அளக்கிற நுணுக்க முறையால பிடிக்க முடியாது.

கணக்கு எளிசு. அகலம் 5 கி.மீ., தடிமன் 1 கி.மீ., வேகம் ஆண்டுக்கு 10 கி.மீ. இருக்கிற வாய்க்கால்னா 50 கன கி.மீ., 46 கிகாடன். தடிமன் 100 மீட்டர் தப்பா இருந்தா 4.6 கிகாடன் போச்சு. தடிமன் கோளால வராது, விமானத்தில் ரேடார் வச்சுப் பறந்து எடுக்கணும். பறக்காத பனியாறு நிறைய.

வரவுப் பக்கம் இன்னும் மோசம். அண்டார்டிகாவில் ஆண்டுக்கு விழுறது ஏறக்குறைய 2,000 கிகாடன். அதைக் கணிக்கிற வானிலை மாதிரி 5 சதவீதம் தப்பினா 100 கிகாடன். ரெண்டு பெரிய எண்ணைக் கழிச்சு ஒரு சின்ன எண்ணை எடுக்கிற முறை இது. ஆனா மத்த ரெண்டும் சொல்லாத ஒண்ணை இது சொல்லும்: எடை போனது வெயிலால உருகியா, வேகமா ஓடியான்னு.

இந்த வருஷம் ஜூலை 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் ரேடார் செயற்கைக்கோள் இதுக்குத்தான் ரொம்ப உதவும். அதுல இருக்கிறது 24 செ.மீ. எல் அலை. சென்டினலோட 5.6 செ.மீ. அலையில் பனி விழுந்ததும் ஒரு படம் அடுத்த படத்தோட ஒத்துப் போறது நின்னுரும், நீள அலை தாங்கும்.

அவலாஞ்சி · நவம்பர் 23, பகல் 12.30

வேகப் படத்தைப் பரப்பாக் கூட்டுறவங்களுக்கு ஒண்ணு. அண்டார்டிகா கட்டங்கள் துருவ வீச்சு வரைபடத்தில் வரும், 71 டிகிரியில்தான் அளவு சரி. துருவத்துக்கிட்ட ஒரு சதுர கி.மீ. கட்டம் நிஜத்தில் 1.05-க்கு மேல. திருத்தாம விட்டா உள்நிலத்தில் 5 சதவீதம் பரப்பு தொலையும்.

இலைக்காரர் (கோத்தகிரி) · நவம்பர் 24, இரவு 8.20

குழுவுல போட இப்படி எழுதியிருக்கேன், பாத்துச் சொல்லுங்க: "படத்தில் உள்ள மூணு வருஷம் நிஜம். அதுக்கு முன்னால 19 வருஷத்தை வெட்டிட்டாங்க. முழுக் கோடு கீழே. 2022-ல் கிழக்கில் பெரிய பனிப்பொழிவு. மேற்கு ஓரம் தொடர்ந்து இழக்குது." கூடவே 2002-லிருந்து மாஸ்கான் கோட்டை நானே வரைஞ்சிருக்கேன். கொசைன் போட்டாச்சு, பாறைக் கழிவு கோப்பிலேயே இருந்துச்சு, மறுபடி கழிக்கலை.

முத்தோரை · நவம்பர் 24, இரவு 9.05

எழுத்து சரி. படத்தில் ஒரு திருத்தம். 2017 ஜூலையிலிருந்து 2018 மே வரை 11 மாசத்துக்கு அளவீடே இல்லை. பழைய ஜோடி முடிஞ்சு புதுசு வேலை தொடங்காத இடைவெளி. உங்க வரைவி அதை நேர்கோட்டால இணைச்சிருக்கு. 2018 ஆகஸ்ட், செப்டம்பரும் கிடையாது. 2011-க்கு அப்புறம் பழைய ஜோடியோட மின்கலம் தளர்ந்து சில மாசங்கள் கருவியை அணைச்சு வச்சாங்க, அங்கயும் ஓட்டை இருக்கு. எல்லாத்தையும் வெறுமையா விடுங்க.

இலைக்காரர் (கோத்தகிரி) · நவம்பர் 24, இரவு 9.50

விட்டாச்சு. கோடு இப்போ நடுவுல விட்டு விட்டு நிக்குது. ஏன் அறுந்திருக்குன்னு கீழ எழுதித்தான் அனுப்புறேன்.